குமுதினியக்காவும் நாலாவது உள்பாவாடையும்

குமுதினியக்காவைப் பற்றி ஆராவது பிழையாக் கதைச்சா எனக்குப் பத்திக்கொண்டு வரும். அப்பிடிக் கதைச்ச ரெண்டு பேரோட நான் இப்பவும் முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. அதில ஒருத்தி என்ர சொந்த மச்சாள். என்ன நடந்தது எண்டு தெரியாமல் கோயில் வாசலில நிண்டு விண்ணாணம் கதைக்கிறவைக்காகத்தான் இதைச் சொல்லுறன். நான் செல்வமலர். கிழமை நாளில சூப்பர்மார்க்கெட்டில காசு வாங்குற இடத்தில நிக்கிறன். சனி ஞாயிறில குமுதினியக்காவோட போய்ப் பெட்டையளுக்குத் தலையிழுத்து மேக்கப் போட்டு விடுறன். பதினொரு வருசமா அவவோட திரியிறன்.

அக்கா லண்டனில மிச்சம் எண்ட இடத்தில இருக்கிறா. கொக்குவிலில இருந்து தொண்ணூற்றொன்பதில வந்தவ. வந்த புதுசில, நாடகத்துக்கும் படத்துக்கும் உடுப்பு வாடகைக்குக் குடுக்கிற ஒரு பெரிய ஸ்டோரில கூட்டித் துடைக்கத்தான் போனவ. அங்க இருந்த ஒரு வெள்ளைக்கார மனிசி இவ அறுந்த தையல் ஒண்டைத் தைக்கிற வடிவைக் கண்டுபோட்டு, துடைப்பத்தைப் பறிச்சு மூலையில வைச்சிட்டு ஊசியைக் கையில குடுத்தாவாம். பதினாலு வருசம் அங்க வேலை. ஐநூறு வருசத்துக்கு முந்தி, மறுமலர்ச்சிக் காலம் எண்டு சொல்லுவினமே, அப்ப இத்தாலியிலயும் இங்கிலாந்திலயும் ராசாத்தியள் உடுத்த மாதிரிக் கவுணுகள் அங்க இருந்தது. அதுகளுக்குக் கீழ போடுற உள்பாவாடையள்தான் அக்காவின்ர பகுதி. ஸ்டோரைப் பூட்டேக்க, ஒருத்தரும் எடுக்காத கவுணுகளை அக்கா அள்ளிக்கொண்டு வந்து வீட்டு முன்னறையை நிரப்பினா. அவவின்ர மனிசன் லோகன் அண்ணை, பாவம், சோபா வைக்க இடமில்லாமல் குசினிக் கதிரையில இருந்துதான் இண்டைக்கும் கிரிக்கெட் பாக்கிறார்.

பெட்டையள் பெரியபிள்ளையானதுக்குச் செய்யிற சாமத்திய வீடு லண்டனில இப்ப எப்பிடி நடக்குது எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே. காலமை தண்ணி வார்த்து, சேலை உடுத்தி, ஆராத்தி எடுத்து முடிய, பின்னேரம் பிள்ளை ராசாத்தி மாதிரிக் கவுண் போட்டுக்கொண்டு மெசினில விடுற புகைக்குள்ளால ஹோலுக்கு வரவேணும். அந்தக் கவுணுக்குத்தான் அக்காவிட்ட வாறவை.

வாறவை எல்லாரும் முதல் கவுணைத்தான் தூக்கிப் பாப்பினம். அக்கா அதை வாங்கித் திருப்பிக் கொழுவிப்போட்டு, "உது கடைசியா. முதல் கீழ என்ன போடுறது எண்டு பாப்பம்" எண்டுவா. ஏனெண்டா இந்தப் பழங்காலத்துக் கவுண் தன்பாட்டில விரிஞ்சு நிக்காது. வெறுமனப் போட்டா நனைஞ்ச திரைச்சீலை மாதிரித் தொங்கும். கூம்பு மாதிரி விரிய வேணும் எண்டா வளையம் வைச்ச பாவாடை. ஆனா வளையத்தோட கவனமில்லாமல் கதிரையில இருந்தா முன்பக்கம் முகத்துக்கு எழும்பும், காருக்குள்ளயும் ஏறேலாது. வளையம் வேண்டாம் எண்டா, இடுப்பைச் சுத்திக் கட்டுற பிறை மாதிரி ஒரு பஞ்சுத் தலையணையும், அதுக்கு மேல சுருக்கு வைச்ச பருத்திப் பாவாடை ரெண்டும். நெற் துணியில தைச்ச கான்கான் பாவாடை எடுப்பா நிக்கும், ஆனா கடிக்கும், வெல்வெற்றின்ர பாரத்துக்கு ஒரு மணித்தியாலத்தில படிஞ்சு போகும். பிள்ளை எப்பிடி நடக்கிறாள், ஹோலில படி இருக்கோ, எவ்வளவு நேரம் இருக்க வேணும், எல்லாம் கேட்டுத்தான் அக்கா பாவாடை எடுப்பா. சிலவேளை எனக்கு அலுப்பு வந்து, "என்னக்கா, பிள்ளையை என்ன சந்திரனுக்கே அனுப்பப் போறம்" எண்டு பகிடி விடுவன்.

அவவிட்ட இன்னொரு பழக்கம் இருக்கு. பாவாடை எல்லாம் எங்கட சேலைப் பாவாடை மாதிரி நாடா வைச்சதுதான், கொக்கி வைக்கவே மாட்டா. அளவு பாக்க வாற ஒவ்வொரு தரமும் அடிப்பாவாடையைப் பிள்ளைக்குக் கட்டி, முடிச்சு விழுற இடத்தில நாடாவில ஒரு நூல் தைச்சு விடுவா. முதல் தரம் சிவப்பு, ரெண்டாந்தரம் நீலம், மூண்டாந்தரம் வெள்ளை. வளருற பிள்ளையள், மாசத்துக்கு மாசம் இடுப்பு மாறும் எண்டு சொல்லுவா. வளர்ந்து இடுப்புப் பெருக்க, முடிச்சு நாடா நுனியைப் பாத்து வெளிப்பக்கமாத்தான் போகும். அப்பிடித்தான் நான் அதுவரைக்கும் கண்டிருக்கிறன்.

மே மாசம் மனோர் பார்க்கில இருந்து கஜந்தினி எண்டு ஒருத்தி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெரிய கொம்பனியில நல்ல வேலை. எதையும் லிஸ்ற் போட்டுச் செய்யிற ஆள். மகள் மிதுஷாவுக்குப் பதின்மூண்டு வயது. மற்றப் பெட்டையள் தோள் தெரியிற கவுண் கேட்டுத் தாய்மாரோட சண்டை பிடிக்குங்கள். இவள் எண்டா கழுத்து வரைக்கும் மூடி, விரல் நுனி வரைக்கும் கை நீண்ட கவுண்தான் வேணும் எண்டு நிண்டாள். பள்ளிக்கூடத்தில அந்தக் காலத்துப் படங்களைப் பாத்தவளாம். "எவ்வளவு அடக்கமான பிள்ளை!" எண்டு நான் தாயிட்டச் சொன்னன். என்ர வாயைத் தைச்சிருக்க வேணும். அக்கா கரும்பச்சை வெல்வெற் ஒண்டைத் தெரிஞ்சு, பஞ்சுத் தலையணையும் ரெண்டு பாவாடையும் போதும் எண்டு முடிவெடுத்து, சிவப்பு நூலைத் தைச்சா.

யூன் கடைசியில திரும்ப வந்தினம். நீல நூல் சிவப்பில இருந்து ரெண்டு விரல் உள்ளுக்கு விழுந்தது. அக்கா நாடாவையும் பிள்ளையையும் மாறி மாறிப் பாத்தா.

"வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறாள் அக்கா" எண்டு கஜந்தினி முகமெல்லாம் சிரிப்பாச் சொன்னாள். "ஆரும் சொல்லேல்லை, தானாத்தான். மச்சம், மீன் இறைச்சி ஒண்டும் தொடுறாளில்லை. கோயிலில எல்லாரும் என்னட்டக் கேக்கினம், எப்பிடி இந்த ஊரில இப்பிடி ஒரு பிள்ளை வளத்தனீங்கள் எண்டு."

நானும் சேந்துதான் பாடினன். "குடுத்து வைச்சனீங்கள்! என்ர ரெண்டையும் கோயிலுக்குக் கூப்பிட்டா உடன வயித்துக்குத்து வந்திடும்" எண்டன். பிள்ளை கண்ணாடியைப் பாத்தபடி நிண்டாள். அக்கா உள்ள போய் மூண்டாவது பாவாடை ஒண்டை எடுத்துக்கொண்டு வந்தா.

ஓகஸ்ட் நடுவில மூண்டாந்தரம். வெள்ளை நூல் இன்னும் ரெண்டு விரல் உள்ளுக்கு. இப்ப வெள்ளியோட செவ்வாயும் விரதமாம், சஷ்டி, சதுர்த்தி ஒண்டையும் விடுறாளில்லையாம். கஜந்தினி அக்காவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, "அக்கா, கனடாவில இருந்து மாமியாக்கள் வருகினம். பிள்ளை மெலிஞ்சிட்டாள் எண்டு கதை வரும். இன்னொண்டு போட்டுக் கொஞ்சம் நிறைவாக் காட்டி விடுங்கோ" எண்டு கேட்டாள். கேட்டிட்டு, போன் வர வெளியால போயிட்டாள்.

அக்கா நாலாவது பாவாடையை எடுத்தா. பஞ்சு வைச்சு மெத்தை மாதிரித் தைச்சது. அதை எல்லாத்துக்கும் கீழ கட்டி, மேல மற்றதுகளைக் கட்டி, தோள்மூட்டிலயும் கையிலயும் கொஞ்சம் பஞ்சு அடைஞ்சு, கவுணைப் போட்டு முதுகில கயிறு இழுத்துக் கட்டினா. சொன்னா நம்பமாட்டியள், பிள்ளை நல்லாச் சாப்பிட்டு வளந்த ராசாத்தி மாதிரி நிண்டாள். நான் கைதட்டினன். அக்காவுக்கும் முகத்தில ஒரு பெருமை வந்தது, நான் கண்டனான்.

அப்பதான் அந்தப் பிள்ளை முதல் முதலாச் சிரிச்சாள். இங்கிலிஸிலதான் சொன்னாள், "தாங்க்ஸ் ஆன்ரி, இப்ப ஒருத்தருக்கும் தெரியாது" எண்டு.

"என்னது தெரியாது பிள்ளை?" எண்டு அக்கா கேட்டா. அவள் வாயைப் பொத்தினாள். அக்கா திருப்பிக் கயிறைக் கழட்டேக்க நான் கிட்டப் போனன். முதுகெலும்பு ஒவ்வொண்டா எண்ணலாம். பூஞ்சை மாதிரிச் சின்ன மயிர் முதுகெல்லாம். நாங்கள் ரெண்டு பேரும் வேர்த்து வடியிறம், அவளின்ர கை ஐஸ். "அம்மாட்டச் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ ஆன்ரி" எண்டு அக்காவைப் பிடிச்சுக்கொண்டு அழுதாள். அக்கா பதறிப்போய், "சொல்லமாட்டன் பிள்ளை, சொல்லமாட்டன், அழாத" எண்டிட்டா.

அவை போன பிறகு அக்கா வளையப் பாவாடையளுக்கு நடுவில நிலத்தில இருந்திட்டா.

"செல்வமலர், அந்தப் பிள்ளை பட்டினி கிடக்கிறாள். நான் அதைப் பாவாடை போட்டு மூடி விட்டிருக்கிறன்."

"விசரே அக்கா? விரதமெண்டெல்லோ தாய் சொல்லுறாள்."

"விரதமெண்டா பாறணை இருக்க வேணும். விரதம் முடிச்சு இவள் சோத்தில கை வைச்சதை ஆராவது கண்டவையோ? உனக்கு ஆரும் சொன்னவையோ?"

நாங்கள் எல்லாரும் சேந்து அந்தப் பிள்ளையைப் புகழ்ந்து புகழ்ந்து பட்டினி போட்டிருக்கிறம். கோயிலில நிக்கிற அத்தினை பொம்பிளையளும், பெத்த தாயும், நானும்.

அடுத்த நாள் அக்கா கஜந்தினிக்குப் போன் எடுத்தா. பிள்ளை சொன்னதைச் சொல்லேல்லை. "தங்கச்சி, பிள்ளை கண்டபடி மெலிஞ்சிட்டாள், விழாவுக்கு முதல் ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோ" எண்டு மட்டும் சொன்னா. அவள் கத்தின கத்து எனக்கும் கேட்டது. "உங்கட வேலை உடுப்பு அக்கா! நானூறு பேருக்குச் சொல்லியாச்சு. இந்த நேரத்தில என்ர பிள்ளையில கண் வைக்காதேங்கோ" எண்டு வைச்சிட்டாள். நான் அக்காவைக் கும்பிட்டுக் கேட்டன், விடுங்கோ, இதுக்கு மேல போனா ஒருத்தரும் எங்களைக் கூப்பிடமாட்டினம் எண்டு. அக்கா என்னைப் பாத்த பார்வைக்கு நான் எழும்பி வீட்டை வந்திட்டன்.

ஓகஸ்ட் கடைசி ஞாயிறு, இல்ஃபோர்ட் பக்கம் ஒரு ஹோல். காலமைச் சடங்கெல்லாம் வேற ஆக்கள்தான் பாத்தவை. தண்ணி வார்க்கேக்கயும் நீட்டுக்கைச் சட்டையோட இருந்தாளாம், வெக்கப்படுறாள் எண்டு சிரிச்சினமாம். பின்னேரம் லோகன் அண்ணையின்ர காரில நாங்கள் போனம். அக்கா கவுணையும் ஒரேயொரு பாவாடையையும்தான் கையில எடுத்தா, அந்த நூல் தைச்சதை. "மற்றதுகள்?" எண்டன். "வீட்டில. நீ வாயை மூடிக்கொண்டு வா" எண்டா.

உடுப்பு மாத்துற அறை வாசலில கஜந்தினி லிஸ்ற்றும் கையுமா நிண்டாள். பக்கத்தில கனடா மாமியார், அருமைநாயகி எண்டு பேர், கழுத்து நிறைய நகை. அக்கா போன வேகத்தில சொன்னா:

"தங்கச்சி, முதல் பாவாடையைத் தாய்தான் கட்ட வேணும். கதவைச் சாத்திப்போட்டு, வேற சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாமல். இல்லாட்டிப் பிள்ளைக்குக் கூடாது."

நான் ஆவெண்டு பாத்தன். அப்பிடி ஒரு முறை யாழ்ப்பாணத்திலயும் இல்லை, லண்டனிலயும் இல்லை, ஒரு இடத்திலயும் இல்லை! மனிசி நிண்ட நிலையில இருந்து உண்டாக்கினது.

"ஐயர் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே" எண்டு கஜந்தினி லிஸ்ற்றைப் பாத்தாள்.

"ஐயருக்கு என்ன தெரியும்? இது பொம்பிளையளின்ர முறை."

அப்ப அந்த மாமியார், தனக்குத் தெரியாதெண்டு காட்டேலாதெல்லோ, நகை குலுங்கத் தலையாட்டினா. "ஓமோம், அது இருக்கு. எங்கட பக்கம் கட்டாயம் செய்யிறது. போ கஜந்தினி." எனக்கு ஒரு கணம் சிரிப்பு வந்திட்டுது.

அக்கா கதவைப் பூட்டினா. மிதுஷா உள்சட்டையோட துவாயைச் சுத்திக்கொண்டு நிண்டவள், தாயைக் கண்ட உடன சுவரோட ஒட்டினாள். "அம்மா வேண்டாம், ஆன்ரி கட்டட்டும்" எண்டாள். "முறையாம் செல்லம், ரெண்டு நிமிசம்" எண்டு கஜந்தினி சிரிச்சுக்கொண்டு துவாயை விலத்திப்போட்டு, பாவாடையைச் சுத்தி நாடாவை இழுத்தாள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. சிரிப்பு நிண்டுது.

"இதென்ன நூல்?"

"சிவப்பு மே மாசம். நீலம் யூன். வெள்ளை போன கிழமைக்கு முந்தின சனி" எண்டு அக்கா சொன்னா. "இப்ப முடிச்சு எங்க விழுது எண்டு நீங்களே பாருங்கோ."

வெள்ளையையும் தாண்டி விழுந்தது. கஜந்தினியின்ர கை நாடாவை விட்டிட்டு மகளின்ர இடுப்பெலும்பைத் தொட்டுது, பிறகு விலா, பிறகு முதுகு. சாமத்தியப்பட்ட பிறகு அந்தப் பிள்ளை தாய்க்கு உடம்பைக் காட்டவேயில்லையாம்.

"மிது... எப்ப பிள்ளை சாப்பிட்டனி?"

வெளியால வீடியோக்காரன் கதவைத் தட்டி, "அக்கா, புகை ரெடி, ஆக்கள் எழும்பி நிக்கினம்" எண்டான். கஜந்தினி கண்ணைத் துடைச்சாள். துடைச்சுப்போட்டு எங்களைப் பாத்துச் சொன்னாளே, அதைத்தான் என்னால இண்டைக்கும் மறக்கேலாது.

"மற்றப் பாவாடையளைக் கட்டி விடுங்கோ அக்கா. இண்டைக்கு மட்டும். நாளைக்குக் காலமை முதல் வேலையா டொக்டரிட்டக் கொண்டு போறன். சத்தியமா."

எனக்கு அவளின்ர கன்னத்தைப் பொத்தி ஒண்டு குடுக்க வேணும் போல இருந்தது. அக்கா அமைதியாத்தான் சொன்னா. "கொண்டரேல்லை தங்கச்சி. இந்த ஒண்டுதான் இருக்கு. இதோட விட்டா எல்லாருக்கும் தெரியும்."

திரும்பவும் கதவு தட்டுப்பட்டுது. மிதுஷா கவுணை எடுக்கக் குனிஞ்சவள், குனிஞ்சபடி கால் மடிஞ்சு நிலத்தில இருந்திட்டாள். மயங்கேல்லை, ஆனா எழும்பவும் ஏலேல்லை. தாய் லிஸ்ற்றை எறிஞ்சுபோட்டுப் பிள்ளையை மடியில தூக்கினாள். பதின்மூண்டு வயதுப் பிள்ளையை ஒரு கையால தூக்கினாள். தூக்கின உடன அந்தப் பாரம் அவளுக்கு விளங்கிச்சோ என்னவோ, குழறி அழுதுகொண்டு கதவைத் திறந்து, "சனத்தைச் சாப்பிடச் சொல்லுங்கோ. பிள்ளை வரமாட்டாள்" எண்டு கத்தினாள். என்ர கார்டிகனையும் அந்தப் பாவாடையையும் சுத்தி, சமையல்காரருக்குள்ளால பின்வழியாப் போய், லோகன் அண்ணையின்ர காரில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனம். இதயம் துடிக்கிற வேகம் நல்லாக் குறைஞ்சு போச்சுதெண்டு சொல்லி உடனயே வாட்டில மறிச்சிட்டினம்.

பேந்து ஊர் வாய் திறந்தது. குமுதினி கை வைச்சு நல்ல காரியம் குழம்பிப் போச்சாம். அவவின்ர கண்ணூறாம். கேட்டிருந்த அஞ்சு பேர் கவுண் வேண்டாம் எண்டிட்டினம். நான் கோயிலடியில போய் நாலு பேரை நாறடிக்கிறன் எண்டு வெளிக்கிட, அக்கா மறிச்சுப்போட்டு அழுதா.

"சனம் ஏசுறதில எனக்கு ஒண்டுமில்லை. யூனிலயே, நீல நூல் தைக்கேக்கயே எனக்கு ஏதோ பிழை எண்டு தெரியும். தெரிஞ்சுகொண்டு உள்ள போய் மூண்டாவது பாவாடையைத் தேடினனான் செல்வமலர்."

மூண்டு கிழமைக்குப் பிறகு கஜந்தினி போன் எடுத்தாள். ஏசத்தான் எடுக்கிறாள் எண்டு நான் போனைப் பறிக்கப் பாத்தன். "அக்கா, அவள் என்னோட ஒரு சொல்லுக் கதைக்கிறாளில்லை. தகப்பனோடயும் இல்லை. உங்களை ஏசுறதுக்கு மட்டும்தான் வாய் திறக்கிறாள். உங்களை ஏசிக்கொண்டிருக்கேக்க ரெண்டு கரண்டி உள்ள போகுது. ஒருக்கா வரேலுமே?"

ட்ராமும் ட்ரெயினுமா மூண்டு மாறிப் போனம். மிதுஷாவுக்கு மூக்கில குழாய் ஒட்டியிருந்தது. எங்களைக் கண்ட உடன முகம் சிவந்து போச்சு. சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினீங்கள், பொய்க்காரி எண்டாள்.

"ஓம் பிள்ளை. வாயால சொல்லேல்லை, ஆனா ஏமாத்தித்தான் போட்டன்."

"ஐ ஹேட் யூ, ஆன்ரி."

"ஓம்" எண்டு அக்கா கதிரையை இழுத்துப் போட்டுக் கட்டிலடியில இருந்தா. நேர்ஸ் தயிர்க் கோப்பையை வைச்சிட்டுப் போனா. பெட்டை அரை மணித்தியாலம் ஏசினாள், அம்மாளாச்சி, எங்க படிச்சாளோ அந்தச் சொல்லெல்லாம்! ஏசி மூச்சு வாங்கேக்க ஒரு கரண்டி, திரும்ப ஏச்சு, திரும்ப ஒரு கரண்டி. கண்ணாடிக்கு வெளியால கஜந்தினி வாயைப் பொத்திக்கொண்டு பாத்தபடி நிண்டாள். கோப்பையில பாதி முடிஞ்சுது.

நாங்கள் எழும்ப, "நாளைக்கும் வந்தா நான் கத்துவன்" எண்டாள்.

அக்கா பையைத் தோளில போட்டா. "எத்தினை மணிக்குப் பிள்ளை சாப்பாடு வாறது?"

மிதுஷா மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நாங்கள் வாசலுக்குப் போன பிறகுதான் சத்தம் வந்தது.

"ஐஞ்சரைக்கு."